அண்ணனுக்கு, கிளம்புவதற்கு முன்

அண்ணே,

விடுப்பு கிடைத்துவிட்டது. ஜூன் முதல் வாரம் பைக்கில் லடாக்குக்குக் கிளம்புகிறேன். நீ வரமாட்டாய் என்று வைத்துக்கொண்டுதான் தேதியைக் குறித்தேன். போனில் சொல்லியிருந்தால் பேசிப் பேசி இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிப் போட்டிருப்போம். இங்கே நாலு பேர் பார்க்க எழுதிவிட்டால் எனக்கும் பின்வாங்க வழியில்லை.

பொங்கலன்று பெரியப்பா வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இதையும் படிப்பார்கள். பேசியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

சரி, வழியைச் சொல்கிறேன். ரயிலில் வண்டியை ஏற்றிவிடு என்பாய். மாட்டேன். நான்குநேரியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற அதே 44-ஆம் எண் சாலைதான் ஸ்ரீநகர் வரை போகிறது. மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம் உள்ள சாலை. அதை முழுக்க என் வண்டியிலேயே பார்க்க வேண்டும். நாக்பூர்ப் பக்கம் ஜூன் வெயில் கொல்லும், தெரியும். விடியுமுன் கிளம்பி, உச்சிக்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

போகும்போது மணாலி வழி இல்லை. நீ எப்போதும் அதைத்தான் சொல்வாய். மணாலி 2,050 மீட்டர் உயரம். ஜிஸ்பாவில் ஒரு ராத்திரி தங்கினாலும் அடுத்த ராத்திரி சர்ச்சு, அது 4,200 மீட்டருக்கு மேல். இல்லையென்றால் ஒரே நாளில் கணவாய் கணவாயாக ஏறி லடாக்கின் லே நகரம் வரை இழுக்க வேண்டும். மலைநோய் விஷயத்தில் பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் கணக்கு. ஸ்ரீநகர் வழியில் ஜோஜி லா, ஃபோட்டு லா என்று கணவாய்கள் ஏறினாலும் தூங்குவது சோனாமார்க்கிலும் கார்கிலிலும். இரண்டும் 2,700 மீட்டரை ஒட்டித்தான். அப்புறம் லே, 3,500. அங்கே இரண்டு நாள் வண்டியைத் தொடமாட்டேன். திரும்பும்போது உன் மணாலி வழியிலேயே இறங்குகிறேன். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். பாரலாச்சா லா பக்கத்தில் சூரஜ் தால், அதற்கும் கீழே தீபக் தால், நீ ஆசைப்பட்ட இரண்டு ஏரிகளையும் பார்த்துவிடுவேன்.

மற்ற ஏரிகள் எல்லாம் லேவுக்குக் கிழக்கேயும் தெற்கேயும். சாங் லா ஏறி இறங்கினால் பாங்காங் ஏரி. 134 கிலோமீட்டர் நீளத்தில் நமக்கு வாய்த்தது மேற்குப் பகுதி மட்டும். ஸ்பாங்மிக், மேராக் என்று கரையை ஒட்டியே போய்ச் சுஷூல். அங்கே ரெசாங் லா நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சீனப் போரில், 1962 நவம்பர் 18 அன்று குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனியில் 114 பேர் அந்தக் குளிரில் கடைசிவரை நின்று செத்தார்கள். அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறுமே. அங்கிருந்து நியோமா, மாஹே பாலம், சோ மோரிரி ஏரிக் கரையில் கோர்சோக். பிறகு பூகாவின் வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்துவிட்டு, சோ கர் உப்பேரி வழியாக லேவுக்குத் திரும்ப வேண்டும்.

மொத்தம் சுமார் 600 கிலோமீட்டர். லேவைத் தாண்டிக் காரு என்ற ஊரில் டேங்க்கை நிரப்பிவிட்டால் பிறகு பங்க்கை நம்ப முடியாது. மேட்டில் வண்டி லிட்டருக்கு 25 கொடுத்தால்கூட 24 லிட்டர் வேண்டும். டேங்க் 15 கொள்ளும், அதனால் 10 லிட்டர் கேன் ஒன்று கட்டுகிறேன். இந்தக் கணக்கைப் போடச் சொல்லித் தந்ததும் நீதான்.

கோர்சோக் என்று வரைபடத்தில் வட்டம் போட்டபோது கை அப்படியே நின்றுவிட்டது. கூந்தன்குளம் கரை வந்துவிட்டது கண்ணில். தை மாசம், பனி விலகவில்லை. அப்பாவின் புல்லட், நான் முன்னால், நீ பின்னால். கிளட்ச்சைப் படக்கென்று விட்டுவிட்டேன், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. திட்டப் போகிறாய் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். நீ தோளில் மெல்லத் தட்டி, “ஏட்டி, அங்க பாரு” என்றாய். குளத்தை ஒட்டிய புல்லில் வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலை, பிடரியில் இரண்டு கறுப்பு வரி, மஞ்சள் அலகு. எல்லாம் குனிந்து புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் கழுத்தை நட்டுக்குத்தாக வைத்து நம்மையே பார்த்தது. “காவல் நிக்கி. நாம அசைஞ்சா அது சத்தம் கொடுக்கும்.” நாம் அசையவில்லை. வெயில் ஏறி என்ஜின் ஆறிப் போகும்வரை அப்படியே இருந்தோம். “இதுக லடாக்குல ஏரிக்கரையில முட்டையிடும். நீ நல்லா ஓட்டப் பழகு. ரெண்டு பேரும் அங்க போவோம்.” பிறகு உன் கையை என் இடது கைமேல் வைத்துக் கிளட்ச்சைப் பாதி, முக்கால் என்று விடக் காட்டினாய். வீடு வரை நானே ஓட்டி வந்தேன்.

பிற்பாடு தேடிப் படித்தேன். நம் குளத்துக்கு வருவதெல்லாம் லடாக்கிலிருந்துதான் என்று சொல்ல முடியாது, அவை திபெத்திலும் மங்கோலியாவிலும்கூடக் குஞ்சு பொரிக்கின்றன. இருக்கட்டும். சோ மோரிரியிலும் பொரிக்கின்றன. கருவி பொருத்திப் பார்த்தபோது, ஏழெட்டு மணி நேரத்தில் இமயத்தை ஏறிக் கடந்தவை அவை. அந்தக் குஞ்சுகளை நான் பார்க்க வேண்டும்.

அந்த புல்லட்டை விற்றாயே அண்ணே. பணமுடை, எதற்கென்றும் தெரியும், மதினி இதைப் படிப்பாள் என்பதால் அதற்குமேல் எழுதவில்லை. விற்றதற்குக் கோபமில்லை. ஆர்.சி. கைமாறிய பிறகு எனக்குச் சொன்னாய். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒருதடவை குளக்கரை வரை ஓட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

உன்னை விட்டுவிட்டுப் போவதற்கு மன்னித்துக்கொள். எழுதி, அழித்து, மறுபடி எழுதிய வரி இது. மன்னிப்புக் கேட்கிறேனே தவிர, செய்வது தப்பு என்று நினைக்கவில்லை. பிள்ளைகள் சின்னதுகள், வீட்டுக் கடன் ஓடுகிறது, முதுகுவலி. எல்லாம் நிஜம். போன வருஷம் கூட்டாளிகளோடு கோவா போனபோதும் இதெல்லாம் இருந்தது. அதையும் சொல்லாமல் என்னால் இதை முடிக்க முடியவில்லை.

தனியாகப் போகிறேன் என்று பயப்படாதே. அப்படிச் சொன்னால் உனக்குப் பயம் போகாது என்றும் தெரியும். வெளிமாநில ப்ரீபெய்டு எண் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டேன். சுஷூலிலிருந்து சோ கர் வரை சிக்னலை எதிர்பார்க்காதே. எந்தெந்த ராத்திரி எங்கே என்று தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவளிடம் நானே சொல்லிவிட்டேன், நீ சமாளிக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை வருகிறேன். உன் வீட்டு மச்சில் அப்பாவின் மழைக்கோட்டு கிடக்கிறது, எடுத்து வெயிலில் போடு. கூடுதலாக ஒரு கிளட்ச் கேபிளும் வாங்கி வை, என் வண்டி ஹிமாலயன் 411-க்கு. கடைக்காரர் எதையாவது தந்துவிடுவார், நீயே போய்ப் பார்த்து வாங்கு.