ராயாவுக்கு, அந்த ஹெட்போன் பற்றி

அம்மாப்பேட்டை, சேலம்
ஞாயிறு காலை

டேய் ராயா,

மூன்று வாரமாகப் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. "வாங்கலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்" என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் அடங்குகிற விஷயமாக இருந்தால் அன்று ராத்திரியே சொல்லியிருப்பேன். நேற்று தட்டுவடை செட் கடையில் பழனியைப் பார்த்தேன். நீ ஆயுத பூஜைத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பதாகவும், வெளி இரைச்சலை அழிக்கிற, நாய்ஸ் கேன்சலிங் என்கிற ரகத்தில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஹெட்போனைக் கூடையில் போட்டே வைத்திருப்பதாகவும் சொன்னான். அதனால்தான் இந்த அவசரம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. கணக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார். மஞ்சள் டேப் ரெக்கார்டரை அவர் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பாட்டு கேட்கும் இடத்துக்கு அது வேண்டாம்டா.

அது மட்டமான சாமான் என்று சொல்லவில்லை. சோனியின் 1000எக்ஸ்எம் வரிசையாகட்டும், போஸின் கொயட்கம்ஃபர்ட் ஆகட்டும், அந்த விலையில் பெரும்பங்கு அமைதிக்குப் போகிறது. பாட்டுக்குப் போவது கொஞ்சம்தான். இந்த எண்ணம் பிறந்ததே விமானத்தில். அமர் போஸ் 1978இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டன் திரும்பும்போது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தாண்டி ஒன்றுமே கேட்கவில்லை என்று, இரைச்சலை எப்படி அழிப்பது என்ற கணக்கை அங்கேயே போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வர 1989 ஆயிற்று. எஞ்சின் ஓயாமல் உறுமும் இடத்துக்கென்று பிறந்த பொருள்டா அது. ஏற்காடு மலையில், லேடீஸ் சீட் பக்கத்தில், ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும் வீட்டில், அதற்கு என்ன வேலை?

அது வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் உனக்கே புரியும். காதை மூடும் கிண்ணத்துக்கு வெளியிலும் உள்ளேயும் குட்டி மைக்குகள் இருக்கின்றன. வருகிற இரைச்சலைப் பிடித்து, அதன் அலையைத் தலைகீழாக்கி, அந்தக் கணமே ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடும். பஸ் எஞ்சின், ரயில் பெட்டி, ஏசி மாதிரி தாழ்ந்த, சீரான சத்தத்துக்கு இது அருமையாகப் பலிக்கும். ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு ஆயிரம் அதிர்வைத் தாண்டிவிட்டால் அலை ரொம்பக் குட்டை. நேரம் ஒரு துளி பிசகினாலும் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். அதனால் அதற்கு மேல் உள்ள சத்தத்தை மின்சாரம் தடுப்பதில்லை, காதைச் சுற்றி அழுந்தும் மெத்தையான பேடும் கிண்ணமும்தான் தடுக்கின்றன. ஹாரன், குழந்தை அழுகை, பக்கத்து சீட்டுக்காரர் பேச்சு எல்லாம் மங்கும், மறையாது. ராத்திரியில் உன் வீட்டில் கேட்பது சில்வண்டு ஒன்றுதான். அது சில ஆயிரம் ஹெர்ட்ஸில் கத்துகிறது. அதை அந்தச் சுற்றமைப்பு தொடக்கூடத் தொடாது. ஓசையே இல்லாத அறையில் நாய்ஸ் கேன்சலிங்கைப் போட்டால், மைக்கின் மெல்லிய 'ஸ்ஸ்' வேறு காதில் விழும். உங்கள் ஊர் பகோடா பாயின்டில் மாட்டிக்கொண்டு நின்றால் மைக்கில் காற்று அடித்துப் புயல் மாதிரி இரையும்.

இன்னொன்று, உன் கண்ணாடி. அந்தத் தடித்த ஃபிரேமின் காம்பு பேடைத் தூக்கி ஓரத்தில் சந்து விடும். அந்தச் சந்து வழியாகத் தாழ்ந்த பாஸ் ஒலியும் போய்விடும், அமைதியும் பாதி போய்விடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார். மிருதங்கத்தின் தொப்பி, அதுதான் இடது பக்கத்துத் தாழ்ந்த ஓசை, தூரப் போன மாதிரி இருந்தால் காரணம் அதுதான். மெல்லிய கம்பி ஃபிரேமுக்கு இவ்வளவு தொல்லை இல்லை.

"எல்டிஏசி இருக்கிறதே, 990 கேபிபிஎஸ்" என்று பெரிதாக எழுதியிருந்தாய். உன் கையில் இருப்பது ஐபோன்டா! புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பச் சில முறைகள் உண்டு, ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி இரண்டுதான். நீ சொன்ன எல்டிஏசி, சோனியின் முறை, ஆண்ட்ராய்டில்தான், 8ஆம் பதிப்பிலிருந்து. அங்கேயும் சிக்னல் தடுமாறினால் 660க்கும் 330க்கும் தானே இறங்கிவிடும். அந்தச் சோனி வரிசையின் எக்ஸ்எம்4இல் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளை இணைக்கும் வசதியைப் போட்டால் எல்டிஏசியே நின்றுவிடும், எக்ஸ்எம்5இல் அதைச் சரி செய்தார்கள். ஆக, நீ பெருமையாகச் சொன்ன அந்த எண்ணுக்குக் கொடுக்கும் காசு உன் விஷயத்தில் சுத்தமாக வீண்.

ஆபீஸ் மீட்டிங்குக்கும் ஆகும் என்று நினைக்கிறாய். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். புளூடூத் ஹெட்போனின் மைக்கை லேப்டாப் பயன்படுத்த ஆரம்பித்த உடனே, இணைப்பு பாட்டு வழியை விட்டு போன் பேசும் வழிக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் மோனோ ஆகும், எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. எல்லார் குரலும் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கெடவில்லை. சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், பழைய தரம் திரும்பிவிடும். இப்போது உன்னிடம் இருக்கும் சின்ன இயர்பட்ஸுக்கும் இதே வைத்தியம்தான். இன்றைக்கே செய்து பார், காசு செலவில்லை.

உன் வீட்டில் எது பொருந்தும் என்றால், வயர் உள்ளது. அதிலும் முதுகு திறந்தது. சென்ஹைசர் எச்டி 560எஸ் மாதிரி ஒன்று உன் பட்ஜெட்டில் பாதிக்கு அடங்கும். கிண்ணத்தின் பின்பக்கம் வலைதான், சத்தம் உள்ளே அடைபட்டு மோதாது, தவிலும் நாகஸ்வரமும் எதிரே திண்ணையில் வாசிக்கிற மாதிரி விரிந்து கேட்கும். இரைச்சல் உள்ள இடத்தில் இது ஒன்றுக்கும் உதவாது. நீ கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், மல்லிகாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அதன் மின்தடை 120 ஓம், அதாவது ஓட்டக் கொஞ்சம் பலம் வேண்டும். போனிலிருந்து டைப்-சி டாங்கிள் (வயரைச் செருக போனில் மாட்டும் குட்டி இணைப்பான்) வழியாக ஓடும், ஆனால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு வேண்டாம் என்றால் ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், மூடிய வகை, 35 ஓம், எந்த போனும் சுலபமாக ஓட்டும். இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம், பேட் மாற்றலாம், வயதாக பேட்டரி கிடையாது.

பேட்டரி பற்றி ஒரு கணக்கு. 30 மணி நேரம் தாங்கும் ஹெட்போனை நாளைக்கு நாலு மணி நேரம் கேட்டால் வாரத்துக்கு ஒரு முழு சார்ஜ்கூட ஆகாது, வருஷத்துக்கு ஐம்பதுக்குள். எனவே சார்ஜ் எண்ணிக்கையால் அது சாகாது. சூடும், எப்போதும் நூறு சதவீதத்தில் வைத்திருப்பதும்தான் அதைக் கொல்கின்றன. சித்திரை வெயிலில் காருக்குள் போட்டு வைத்தால் முடிந்தது. கொஞ்ச நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வை. பேட்டரிக்கு முன்னால் போவது பேட். செயற்கைத் தோல் ஈரத்திலும் வியர்வையிலும் இரண்டு வருஷத்தில் கறுப்புச் செதிலாக உதிர ஆரம்பிக்கும், உங்கள் ஊர் மூடுபனியில் பீரோ உள்ளேயே பூஞ்சை பிடிக்கிறதே, இதை மட்டும் விடுமா? கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, தோல் வெடிக்கும். அடுத்து உடைவது தலைப்பட்டை திரும்பும் மூட்டு. ஒரு கையால் ஒரு கிண்ணத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றாதே, இரண்டு கையாலும் விரித்துக் கழற்று.

இப்போது சொல்லப்போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. போன தடவை போனில், ராத்திரி படுத்தால் வலது காதில் கொய்ங் என்று கேட்கிறது என்றாய். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். மாதம் ஒருமுறை பெங்களூர் பஸ்ஸில் இயர்பட்ஸை முழு வால்யூமில் வைத்துக்கொண்டு போகிறவன் நீ. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். நம் ஊரிலிருந்து பெங்களூருக்கு ஒரு தடவை போனாலே அது தீர்ந்துவிடும். எஞ்சின் உறுமலை மீறிக் கேட்கத்தான் கை தானாக வால்யூமை ஏற்றுகிறது. உறுமல் அடங்கிவிட்டால் பாதி வால்யூமே போதும். அந்த விலையுயர்ந்த ஹெட்போன் செய்யும் உண்மையான உபகாரம் இதுதான். வாரா வாரம் பஸ்ஸும் விமானமுமாக அலைகிற பழனிக்கு அந்த விலை தகும், நான் தடுக்கமாட்டேன். மாதம் ஒரு பயணத்துக்கு, பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் சோனி சிஎச்720என் போதும், அதுவும் நாய்ஸ் கேன்சலிங்தான். எடை 192 கிராம்தான், எக்ஸ்எம்5 250, ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம். ஐபோனில் ஹெல்த் ஆப்பைத் திறந்து ஹெட்போன் அளவைப் பார், நீ எத்தனை டெசிபலில் கேட்டிருக்கிறாய் என்று வாரக்கணக்கு இருக்கும். பார்த்துவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் எடு. ஹெட்போன் அப்புறம்.

அந்தப் பணத்தில் மிச்சம் இருந்தால் ஒன்று கேட்கிறேன். செல்வி அக்கா மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. சுவர் உயர்ந்த சடசடப்பைத் தின்றுவிட்டுத் தாழ்ந்த 'தம் தம்'மை மட்டும் உள்ளே விடுகிறது. விட்டு விட்டு அடிப்பதால் எஞ்சின் உறுமல் போல முழுக்க மறையாது, ஆனால் நன்றாகவே குறையும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தப் பொருள். பாட்டே போடாமல், வெறும் அமைதிக்காக மாட்டிக்கொண்டு படிக்கலாம். சிஎச்720என் ஒன்று அவளுக்கு வாங்கிக் கொடு. மாமா தறிக்கூடத்துக்கு உள்ளே நிற்கிறாரே, அவருக்கு ஹெட்போன் எதுவும் கூடாது, அது காதுப் பாதுகாப்புக் கருவி இல்லை. அவருக்கு ஃபோம் இயர்பிளக். விரலில் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை முப்பது விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயன் இல்லை. இதை நானே நேரில் காட்டிக் கொடுக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு அதைத்தான் வாங்குவேன் என்றால், ரிட்டர்ன் நாட்கள் முடியும் முன் கண்ணாடியோடு தொடர்ந்து இரண்டு மணி நேரம் மாட்டிப் பார். உச்சந்தலை வலிக்கிறதா, காதுக்குள் அழுத்துகிற மாதிரி இருக்கிறதா என்று கவனி. உன் குரலை ரெக்கார்ட் செய்து கேள். கம்பெனி ஆப் அதை அடையாளம் காண்கிறதா பார், போலி நிறைய நடமாடுகிறது. பில்லைப் பத்திரப்படுத்து.

அடுத்த வாரம் மேலே வருகிறேன். இருபது கொண்டை ஊசியும் ஏறி வருவதற்குள் ஆடியோகிராம் தாள் உன் கையில் இருக்க வேண்டும். காபித்தூள் கால் கிலோ, சிக்கரி போடாமல், எடுத்து வை.

உன்,
தனபால்