நீலகிரி வெலிங்டன் நண்பனுக்கு: சப்பாத்திக் கோதுமைக் கலப்பு பற்றி

ராமகிருஷ்ணபுரம், டெல்லி
ஏப்ரல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அறுவடை முடிந்துவிட்டது, வயலில் தாள் மட்டும்தான் நிற்கிறது. சப்பாத்தித் தரத்தைத் தீர்மானிக்கும் மரபணு இடங்களைத் தேடுவதற்கான கலப்பின் எப்2 விதை, அதாவது இரண்டாம் தலைமுறை விதை, கையில் இருக்கிறது, எத்தனை மார்க்கர் (டி.என்.ஏ. அடையாளக் குறி) போடலாம் என்று கேட்டிருந்தாய். மார்க்கர் பற்றிக் கவலையே வேண்டாம். 35 ஆயிரம் எஸ்.என்.பி.களை (டி.என்.ஏ.வில் ஓரெழுத்து வேறுபாடுகள்) படிக்கும் சிப்பில் பெற்றோருக்கிடையே வேறுபடுவது ஒரு பங்குதான் என்றாலும் 21 குரோமோசோம்களுக்கும் வரைபடம் போட்டுவிடலாம். உன் வேலை நிற்பதும் விழுவதும் மாவை அளக்கும் மேசையில்தான்.

அதற்கும் முன்னால் பெற்றோரைப் பார். பசைப் (குளூட்டன்) புரதத்துக்கான குளூ-டி1 இடத்தில் ஒன்றுக்கு 5+10 வடிவமும் மற்றதற்கு 2+12 வடிவமும் இருந்தால், வரைபடத்தில் 1டி குரோமோசோமின் நீளக் கையில் ஒரு பெரிய சிகரம் எழுந்து, சின்னச் சின்ன இடங்களையெல்லாம் மறைத்துவிடும். அந்த இடம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதானே, அதை மறுபடி கண்டுபிடிக்க நான்கு வருடம் எதற்கு? அந்த வடிவங்களைப் பிரித்துக் காட்டும் யு.எம்.என்.25, யு.எம்.என்.26 மார்க்கர்களை இப்போதே ஓட்டிப் பார்த்துவிடு. வேறுபட்டால், பகுப்பாய்வில் அதைத் துணைக்காரணியாக வைத்துக்கொள். 5டி குட்டைக் கையில் உள்ள, மணியின் கடினத்தைத் தீர்மானிக்கும் பியூரோஇண்டோலின் மரபணுக்களும் இப்படித்தான். ஒரு பெற்றோர் மென்மணி, மற்றது கடினமணி என்றால் மாவு கண்டுமுதல், சேதமான ஸ்டார்ச், நீர் பிடிப்பு எல்லாமே அந்த ஒரே இடத்தில் போய் நிற்கும்.

உன் பெற்றோரில் ஒன்று பி.பி.டபிள்யூ. 343-இன் வழிவந்தது என்று எழுதியிருந்தாய். அந்த ரகத்தில் 1பி-யின் குட்டைக் கைக்குப் பதிலாகக் கம்புக்கோதுமையின் (ரை என்னும் தானியம்) 1ஆர் குட்டைக் கை இருக்கிறது. கம்புக்கோதுமைக் கையும் கோதுமைக் கையும் ஒன்றோடொன்று மறுசேர்க்கை அடையாது, அந்தக் கை முழுவதும் ஒரே கட்டாகத்தான் சந்ததிக்குப் போகும். மாவு பிசுபிசுப்பதும் பசை பலவீனமாவதும் அங்கே தெரிந்தால் எந்த மரபணு காரணம் என்று உன்னால் பிரிக்கவே முடியாது. கம்புக்கோதுமையின் புரதமான செகலினுக்கான மார்க்கரால் பெற்றோரைச் சோதித்துவிடு. இருந்தால் பெற்றோரை மாற்று. எப்2 விதையை இழப்பதில் வருத்தம் இருக்கும், ஆனால் எப்7-இல் தெரிந்தால் இழப்பு அதைவிடப் பெரிது.

கலப்பிலிருந்து பிரித்தெடுக்கும் வரிசைகள் (ஒவ்வொன்றும் ஒரு செடியின் வழிவந்தது) நூறு போதும் என்று நினைக்காதே. குறைந்த எண்ணிக்கையில் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு இடத்தின் விளைவும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். புள்ளியியல் வாசலைத் தாண்டி வருபவை தற்செயலாக உயர்ந்து நின்றவை என்பதுதான் காரணம். 200 வரிசைகளாவது வேண்டும், ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரே விதையாக எடுத்து எப்7 (ஏழாம் தலைமுறை) வரை போ. மே மாதம் உன் மலையில், நவம்பரில் இங்கே என்று மாற்றி மாற்றி விதைத்தால் மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் தரம் அளப்பதற்கு மலை மணி ஆகாது. அங்கே மழையில் நனையும் மணி கதிரிலேயே முளைகட்டும், ஸ்டார்ச்சை உடைக்கும் ஆல்பா அமைலேஸ் நொதி ஏறும், அதைக் காட்டும் ஃபாலிங் நம்பர் அளவு விழும். நீ அளப்பது மழையைத்தான், மரபணுவை அல்ல.

இங்கேயும் சிக்கல் உண்டு. மார்ச்சில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி நிரம்பும்போது பசையின் இரண்டு புரதங்களில் கிளையடினுக்கு ஈடாகக் குளுட்டெனின் சேராது, பசை தளரும். தாமதமாகக் கதிர் விடும் வரிசைகள்தான் அதில் அதிகம் மாட்டும். அப்போது 2டி-யில் உள்ள, கதிர் விடும் காலத்தைத் தீர்மானிக்கும் பிபிடி மரபணு தர மரபணுவின் வேடம் போட்டு வரும். ஆகவே கதிர் வெளிவந்த நாளையும் செடியின் உயரத்தையும் கட்டாயம் குறித்துவை. புரதத்தையும் நேராக எடுத்துக்கொள்ளாதே. விளைச்சல் குறைந்த வரிசைக்குப் புரதம் தானாகவே கூடும். விளைச்சலோடு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு விலகுகிறது என்பதை எடு.

இனி மேசை. பசையின் வலுவைக் காட்டும் எஸ்.டி.எஸ். படிவுச் சோதனைக்கு (எஸ்.டி.எஸ். என்னும் சோப்பு போன்ற பொருளின் கரைசலில் மாவு படியும் உயரத்தை அளப்பது) 6 கிராம் முழுமாவு போதும் என்பதால் ஆரம்பத் தலைமுறைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் சின்னச் சின்ன விஷயங்களில் கெட்டுப்போகும். அரைக்கும் சல்லடை மாறினால் துகள் மாறும், துகள் மாறினால் படியும் உயரம் மாறும். நிற்கவிடும் நேரம் 20 நிமிடம் என்றால் கடைசிக் குழாய்க்கும் 20 நிமிடம்தான். உங்கள் ஊர்க் குளிரில் எஸ்.டி.எஸ். கரைசல் வெண்துகளாகப் படிந்துவிடும், வெதுவெதுப்பாக்கித் தெளிந்த பிறகே ஊற்று. மாதிரிகளை வயல் வரிசையிலேயே சோதிக்காதே, கலைத்துப் போடு. இருபதுக்கு ஒன்றாகத் தெரிந்த ரகத்தின் மாவை நுழைத்தால் அன்றைய நாளின் பிழை வெளியே தெரியும்.

படிவு உயர்ந்த வரிசையே நல்ல சப்பாத்தி தரும் என்று மட்டும் முடிவு கட்டாதே. அந்த அளவுகோல் ரொட்டிக்கு உண்டானது. மிக வலுவான பசை உள்ள மாவு, தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே போகும், சப்பாத்தி ரப்பராக இழுபடும். நடுத்தரப் பசையும் கடின மணியும் சேர்ந்ததுதான் நமக்கு வேண்டும். சக்கியில் (கல் ஆலையில்) அரைத்தால் சேதமாகும் ஸ்டார்ச் நீரைப் பிடித்துவைக்கும், ஆறிய பிறகும் சப்பாத்தி மென்மையாக இருப்பதில் அதற்குப் பங்குண்டு. அதனால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு நீர் விடாதே. ஒரே பதம் வரும்வரை விட்டு, எவ்வளவு பிடித்தது என்பதையே ஒரு பண்பாக எழுதிவை. உப்பல், நான்கு மணி நேரம் கழித்து மடித்தால் விரிசல் விடுகிறதா என்பது, இரண்டையும் ஒரே ஆள் பார்க்கட்டும்.

பிசைந்த மாவு கறுப்பதைத் தனியாக எடு. ஐந்து கோதுமை மணிகளை எல்-டோபா கரைசலில் ஒரு மணி நேரம் ஆட்டி, கரைசலின் நிறத்தை 475 நானோமீட்டர் ஒளியில் படித்தால் போதும், இதற்கு மாவே வேண்டாம். 2ஏ, 2டி நீளக் கைகளில் உள்ள பிபிஓ (மாவைக் கறுக்கவைக்கும் நொதி) மரபணுக்கள் தெளிவாக வரும், தேர்வும் சுலபம். உன் கலப்பில் முதலில் பலன் தரப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

செகலின் முடிவு வந்ததும் எழுது. பெற்றோர் தேறிவிட்டால், மலையில் அறுத்த விதையை அக்டோபர் கடைசிக்குள் நன்றாக உலர்த்தித் துணிப்பையில் அனுப்பு. நவம்பர் முதல் பதினைந்து நாளுக்குள் விதைத்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் டெல்லி நண்பன்