பாஸ் கிட்டாரை விற்பதற்கு முன் எட்டாவது ஃப்ரெட்டைப் பார்

அன்பு சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நாலு மாதமாக உனக்குப் பதில் எழுதாதது தப்புதான், சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை. இன்று காலை பாபு அண்ணன் போன் பண்ணினார். நீ அந்தப் பிரிசிஷன் பாஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடுகிற ஆக்டிவ் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) வைத்த அஞ்சு ஸ்ட்ரிங் பாஸ் வாங்கப் போகிறாயாம். கேட்டதும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். முன்பணம் கொடுக்கவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் கொடுக்காதே. கொடுத்துவிட்டாலும் முழுசாகப் படி.

உன் குறைகளை அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கில் அஞ்சாவது, ஆறாவது ஃப்ரெட்டில் (நெக் என்கிற கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஸ்வரம் எழும்பின உடனே செத்துப்போகிறது. தடித்த ஈ ஸ்ட்ரிங் முதல் நாலு ஃப்ரெட்டில் கரகரக்கிறது. மேடையில் சத்தம் பழைய பாட்டில் வருகிற மாதிரி உருண்டு வராமல் கிண்கிணென்று கம்பிச் சத்தமாக வருகிறது. இதில் ஒன்றுகூடப் புது பாஸால் தீருகிற குறை இல்லை.

முதலில் அந்தச் செத்த இடம். அதை நீ மரத்தின் கோளாறு என்று நினைத்திருக்கிறாய். போல்ட் போட்ட மேப்பிள் நெக் உள்ள பாஸ்களில், அதுவும் ஃபெண்டர் வகையில், ஜி ஸ்ட்ரிங்கின் அஞ்சு முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் எங்கேயாவது ஒரு செத்த இடம் இருப்பது சர்வசாதாரணம். நெக்குக்கும் தலைப்பகுதிக்கும் சேர்ந்து ஒரு சொந்த அதிர்வு உண்டு. அஞ்சாவது ஃப்ரெட்டில் வருகிற சி ஸ்வரம் 131 ஹெர்ட்ஸ். நெக்கின் சொந்த அதிர்வும் அதே அக்கம்பக்கத்தில் விழுந்தால், ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் உறிஞ்சிக் கொள்கிறது, ஸ்வரம் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. ஃப்ரெட் உயர்ந்திருந்தால் ஸ்வரம் கரகரத்துக்கொண்டே சாகும். நெக் உறிஞ்சினால் சுத்தமாக ஒலித்துவிட்டுச் சாகும். உன்னுடையது எது என்று காது வைத்துக் கேள். அடுத்து, தலைப்பகுதியை மர அலமாரியின் பக்கவாட்டில் அழுத்திச் சாய்த்துக்கொண்டு அதே சி-யை வாசி. ஸ்வரம் நீண்டு நின்றால் காரணம் நெக்தான், சந்தேகமே வேண்டாம்.

இதற்கு வைத்தியம் எளிது. தச்சர் வைத்திருக்கிற சின்ன ஜி கிளாம்ப்பை, பெயின்ட் கெடாமல் துணி சுற்றி, தலைப்பகுதியின் நுனியில் மாட்டிப் பார். எடை கூடினால் நெக்கின் அதிர்வு கீழே இறங்கும், செத்த இடமும் நகரும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் போய் விழுந்துவிட்டால் உனக்கு அதனால் தொல்லையே இல்லை. கிளாம்ப் மாட்டிக்கொண்டு மேடை ஏறக் கூச்சமாக இருந்தால், நீண்டு நிற்க வேண்டிய சி-யை மட்டும் டி ஸ்ட்ரிங்கின் பத்தாவது ஃப்ரெட்டில் பிடி. அதே ஸ்வரம், இன்னும் தடிமனாகக் கேட்கும். நெக்குக்குள் கிராஃபைட் பட்டை வைத்த பாஸ்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நீ பேசி வைத்திருப்பதும் சாதா மேப்பிள் நெக்தான் என்று அண்ணன் சொன்னார். அதிலும் ஒரு செத்த இடம் இருக்கத்தான் போகிறது. எந்த ஃப்ரெட்டில் என்று வாங்கின பிறகுதான் தெரியும்.

ஈ ஸ்ட்ரிங் கரகரப்புக்கு வருகிறேன். முதல் நாலஞ்சு ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்து, மேலே போகப்போகச் சுத்தமாக இருந்தால், நெக் ரொம்ப நேராகிவிட்டது, இல்லை பின்பக்கம் வளைந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்ட்ரிங் ஆடுவதற்கு நெக்கில் கொஞ்சம் குழிவு வேண்டும். நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து ஏறக்குறைய 75, 80 கிலோ இழுவை. அதை நெக்குக்கு உள்ளேயிருந்து எதிர்த்து இழுப்பது ட்ரஸ் ராட் என்கிற உலோகக் கம்பி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் கொஞ்சம் நகர்ந்தாலும் இந்தச் சமநிலை கெட்டுவிடும். இதைப் போய் ரிப்பேர் என்று சொல்லாதே. சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற மாதிரி வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டிய வேலை இது.

பைக் ஸ்பேர் கடையில் டாப்பெட் பார்க்கிற ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) ஒன்று வாங்கு. பாஸை ஸ்ருதி சேர்த்துவிட்டு, வாசிக்கிற நிலையில் மடியில் வை. மல்லாத்திப் படுக்கவைத்து அளக்காதே, நெக்கின் எடையே அளவை மாற்றிவிடும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப், மாட்டு. வலது கையால் ஈ ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்து. இப்போது அந்த ஸ்ட்ரிங்தான் உன் அடிஸ்கேல். எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவில் கேஜைச் செருகிப் பார். 0.30 மி.மீ. தகடு, ஸ்ட்ரிங்கைத் தூக்காமல் உரசிக்கொண்டு போக வேண்டும். அதுதான் சரியான அளவு. உன் பாஸில் 0.10 தகடுகூட நுழையாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஆனால் உடனே ராடைத் திருப்புகிற ஆலன் கீயைத் தூக்காதே. ஸ்ட்ரிங் மாற்றின பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஏனென்றால் நான் உன்னை மாற்றச் சொல்லப் போகிற ஸ்ட்ரிங் இதைவிட அதிகமாக இழுக்கும், பாதிக் குழிவு தானாகவே வந்துவிடும்.

ஆமாம் சேகர், ஃப்ளாட்வவுண்ட். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நீ போட்டிருப்பது ரவுண்ட்வவுண்ட். உள் கம்பிமேல் உருண்டைக் கம்பி சுற்றினது. அதன் வரம்புகளில் விரல் நகம் பட்டாலும் ஃப்ரெட் பட்டாலும் கிண்ணென்று கேட்கும். புதுசில் அந்த மினுக்கு நன்றாகத்தான் இருக்கும். நம் ஊர் வியர்வைக்கு மூன்று வாரத்தில் வரம்புகளுக்கு நடுவில் அழுக்கு அடைந்து மினுக்கு போய்விடும், உரசல் சத்தம் மட்டும் மிஞ்சும். வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தால் ஒரு கச்சேரி, மிஞ்சிப் போனால் இரண்டு கச்சேரி தாங்கும். ஃப்ளாட்வவுண்டில் வெளிச்சுற்று தட்டையான நாடா. அழுக்குப் போய் உட்கார இடமில்லை, ஃப்ரெட்டும் அவ்வளவாகத் தேயாது, பழசாகப் பழசாக அழகு கூடும்.

அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி மோட்டவுனின் பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள். 1962 மாடல் பிரிசிஷன், தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட், பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகளின் அடி முனையைத் தாங்குகிற தகடு) மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். ஸ்ட்ரிங் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். டெட்ராய்ட் ஸ்டுடியோவில் ஆம்ப் வைக்காமல் நேரே கன்சோலில் செருகித்தான் ஏராளமான பதிவுகள். அறுபதுகளில் உலகமே ஆடின சத்தம் அந்த நாலு ஸ்ட்ரிங்கிலிருந்து வந்தது. அவருடைய பெயர் மோட்டவுன் இசைத்தட்டு உறையில் வர 1971 ஆயிற்று என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். லாஸ் ஏஞ்சலஸில் பாஸ் வாசித்த கரோல் கே, பிக் (மீட்டுகிற சின்னத் தகடு) போட்டு வாசித்தவர். அவரும் பிரிட்ஜுக்கு முன்னால் ஸ்ட்ரிங்குகள்மேல் ஃபெல்ட் துணியை மடித்து ஒட்டித்தான் வாசித்தார். அந்த 'தும்' என்ற உருண்ட சத்தத்துக்கு இரண்டு பேரும் போன வழி ஒன்றுதான், ஸ்வரத்தின் வாலை வெட்டுவது.

நம் மேடைக்கு இது இன்னும் முக்கியம். ராஜா சார் பாட்டில் பாஸ் கார்டின் ரூட் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்காது, பாடுகிறவருக்கு எதிரே இன்னொரு மெட்டாக நடக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் தெளிவாக இருந்தால்தான் அந்த நடை ஜனங்களுக்குக் கேட்கும். வால் நீண்டால் அடுத்த ஸ்வரத்தில் குழம்பிவிடும். டோலக்கின் இடது பக்கமும் பாஸும் ஒரே இடத்தில் மோதுகிறவை. பாஸ் சீக்கிரம் முடிந்தால் அந்த 'கும்' வெளியே வரும். டோலக் முருகன் எத்தனை வருஷமாக உன்னை முறைக்கிறான், காரணம் இதுதான்.

எதை வாங்குவது? ஜேமர்சன் பெயரில் வருகிற லா பெல்லா செட் 52 முதல் 110 வரை (இன்ச்சில் ஆயிரத்தில் பங்காகச் சொல்கிற ஸ்ட்ரிங் தடிமன்). ஆசைப்படாதே. உன் நட் (தலைப்பகுதி ஓரத்தில் ஸ்ட்ரிங் உட்காருகிற பள்ளக் கட்டை) 45–105க்கு வெட்டினது, 52 அந்தப் பள்ளத்தில் இறங்காமல் மேலேயே உட்காரும். இழுவையும் இரும்புக் கடப்பாரை மாதிரி இருக்கும். அதே கம்பெனியின் 45–105 ஃப்ளாட்வவுண்ட் உனக்குப் போதும், நட்டைத் தொடவே வேண்டாம். வியன்னாவின் தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட் 43–100, ரொம்ப மெத்தென்று இருக்கும். ஆனால் இழுவை குறைவு, ஸ்ட்ரிங் அகலமாக ஆடும், உன் மாதிரி ஓங்கி இழுக்கிற கைக்குக் கரகரப்புதான் மிஞ்சும்.

மாட்டும்போது ஒரு ஸ்ட்ரிங்கைக் கழற்றி அந்த இடத்தில் புதுசை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போ. நாலையும் ஒன்றாகக் கழற்றினால் நெக் ஒரேயடியாகப் பின்னுக்குப் போகும். ஸ்ட்ரிங்கைப் பிரடைக்கு மேல் ஒன்றரைப் பிரடை தூரம் விட்டு, முதலில் 90 டிகிரிக்கு மடக்கு, மடக்கின பிறகு வெட்டு. மடக்காமல் வெட்டினால் வெளிநாடா பிரிந்துகொண்டே வரும், அந்த ஸ்ட்ரிங் அத்தோடு சரி. நுனியைப் பிரடையின் நடு ஓட்டையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று சுற்று. கீழே இறங்க இறங்கத்தான் ஸ்ட்ரிங் நட்டில் அழுந்தி உட்காரும்.

ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் எட்டாவது ஃப்ரெட்டை மறுபடி அள. இன்னும் 0.30 வரவில்லையென்றால் ராடை இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்து. கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்ருதி சேர்த்து மறுபடி அள. குழிவு அதிகமாகிவிட்டால் வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் ஸ்ட்ரிங்குகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். சாவி இன்ச் அளவா மில்லிமீட்டரா என்று பார்த்துச் சரியானதைப் போடு. கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியைத் திணித்தால் அறுகோணம் வட்டமாகிவிடும், அப்புறம் அந்த நெக்கைக் காப்பாற்ற கிட்டார் செய்கிற லூத்தியரிடம் கெஞ்ச வேண்டும். கஷ்டமாக இருந்தால் நிறுத்திவிடு. ராட் முறிந்தால் நெக்கே போச்சு.

மற்றதெல்லாம் சுலபம். பதினேழாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் உயரம் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மி.மீ. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஸ்வரம்) அழுத்தின ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடு. அழுத்தினது ஏறிக் கேட்டால், பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காருகிற சேடிலைப் பின்னுக்குத் தள்ளு, இறங்கிக் கேட்டால் முன்னுக்கு. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, பிக்கப் இடைவெளி ஈ பக்கம் 3.2, ஜி பக்கம் 2.4. அதற்குமேல் நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து ஸ்ருதி அலையும்.

கடைசியாக ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சின் மஞ்சள் பகுதி, பச்சை நாரைக் கத்தியால் சீவி எடுத்துவிடு. பிரிட்ஜின் அகலத்துக்கு வெட்டி, ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில், சேடிலை ஒட்டினாற்போல் செருகு. ஸ்ட்ரிங்கைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. ஈ ஸ்ட்ரிங் தடிமன் அதிகம், தாழவும் இருக்கும். அந்தப் பக்கம் ஸ்பாஞ்சை இரண்டு மில்லி சீவினால் நாலும் ஒரே நீளத்துக்கு அடங்கும். அங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணிவிட்டு, ஸ்பாஞ்சு வேண்டாம் என்று பிடுங்கி எறிகிறார்கள்.

அஞ்சாவது ஸ்ட்ரிங் பற்றி உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பாடுகிறவர் ஸ்ருதியை இறக்கச் சொன்னால் டி-யும் சி-யும் ஈ-க்குக் கீழே போய்விடுகின்றன. ஆனால் கீழ் பி 31 ஹெர்ட்ஸ். நம் கோயில் மேடை பாக்ஸ்கள் பெரும்பாலும் அந்த ஆழத்துக்கு இறங்காது, ஜனங்கள் கேட்பது அதன் மேல் ஹார்மோனிக்குகளைத்தான். டி மட்டும் போதுமென்றால் ஈ பிரடையில் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் மாட்டு. நெம்புகோலைத் தட்டினால் ஈ டி-ஆகும், திருப்பித் தட்டினால் ஈ. சி வேண்டிய ஒரு சில பாட்டை ஆக்டேவ் ஏற்றி வாசி.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை 'ஹம் வருது' என்று வெட்டிவிட்டாய் என்று அண்ணன் சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. பாஸின் ஸ்ட்ரிங் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடுதான் சேர்ந்திருக்கிறது. திருவிழா மேடையில் ஒயர் நுனியைத் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் செருகியிருப்பார்கள், மைக் வேறொரு லைனில் இருக்கும். ஆம்ப் லீக் ஆனால் ஸ்ட்ரிங்கில் உன் கை, மைக்கில் உன் உதடு, நடுவில் உன் நெஞ்சு. நாளைக்கே புது மூணு பின் பிளக் மாட்டு. ஹம்முக்கு வழி, பாஸை மிக்சரோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். அது மிக்சருக்குப் போகிற கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், உன் எர்த்தைத் தொடாது. மேடை ஏறியதும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் இன்னொரு முனையை மைக்கின் உலோக வலையிலும் வை. ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. யார் கோபித்தாலும் சரி. 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கசிவு மின்சாரம் வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்து பையிலேயே போட்டுக்கொள்.

அம்மாவுக்கு என் வணக்கம். ஸ்ட்ரிங் மாட்டின மறுநாள் எனக்கு மூன்று எண் எழுதி அனுப்பு: எட்டாவது ஃப்ரெட் இடைவெளி, பதினேழாவதில் ஈ உயரம், ஸ்ட்ரிங்குக்கும் மைக்குக்கும் நடுவில் மீட்டர் காட்டினது. மூன்றாவதை முதலில் எழுது.

அன்புடன்,
ரவி