ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வா

காஞ்சிபுரம்
ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நானும் அப்பாவும் போய்வந்த மெக்சிகோவின் வஹாக்கா ஊர் எப்படி இருந்தது என்று நீ கேட்ட அன்றைக்கு உன் அடுத்த மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது, அந்த ஐந்து நாளும் மனதை விட்டுப் போகவே இல்லை. உன்னிடம் ஒரு வேலையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ லீவு கிடைக்காமல் எங்களை மட்டும் உன் ஊர் குவாதலஹாராவில் விமானம் ஏற்றிவிட்டாய். போய் இறங்கிய மறுநாள் காலையே ஊர் நடுச் சதுக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெனிதோ ஹுவாரெஸ் சந்தைக்குப் போனோம். அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? 1806இல் வஹாக்கா மலைக் கிராமம் ஒன்றில் சபோதெக் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, நாட்டுக்கே ஜனாதிபதியானவர். வாசலிலேயே கூடை கூடையாகச் சாப்புலீனெஸ் வைத்திருந்தார்கள். வெட்டுக்கிளிதான். பூண்டு, எலுமிச்சை, உப்பு சேர்த்து வறுத்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆயா ஞாபகம் வந்துவிட்டது. மழைக்குப் பிறகு ஈசல் பிடித்து வறுத்து, பொரியில் கலந்து எங்களுக்கு மடியில் கொட்டுவாளே, அந்த மொறுமொறுப்பேதான், கொஞ்சம் புளிப்போடு. ஒரு கூம்புப் பொட்டலம் வாங்கி நின்ற இடத்திலேயே தின்று முடித்தேன்.

அடுத்த கட்டடம் 20 நவம்பர் சந்தை. 1910இல் அவர்களுடைய புரட்சி தொடங்கிய நாளின் பெயர். அதில் ஒரு சந்து முழுக்கக் கரி அடுப்பு. கறியை எடை போட்டு வாங்கினால் கண் முன்னாலேயே நெருப்பில் வாட்டித் தருகிறார்கள். அப்பாவின் சட்டையில் அந்தப் புகை வாசம் இரண்டு துவையலுக்குப் போகவில்லை. சந்தைக்கு வெளியே சாக்லேட் அரைக்கும் மில்கள். நம் ஊர் மிளகாய்த்தூள் மில் மாதிரியே வரிசையில் நிற்க வேண்டும். வறுத்த கொக்கோ, பட்டை, பாதாம், சர்க்கரை எவ்வளவு என்று நாம் சொல்கிற கணக்கில் போட்டு அரைக்கிறார்கள். சூடாக, குழம்பாக வழிந்து வருகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆற வைத்து, பாலிலோ வெந்நீரிலோ போட்டு மத்தால் கடைந்து குடிக்கிறார்கள். அம்மியும் பார்த்தேன். மெத்தாத்தே என்று பெயர். அதற்கு மூன்று கால், முன்பக்கம் சரிவு. மண்டி போட்டு அரைக்க வேண்டும்.

மிளகாய்க் கடையில் அப்பா என்னை இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. சில்வாக்லே என்று ஒரு மிளகாய், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்று நிறத்தில் காய்ந்து கிடக்கிறது. கறுப்பு மோலே குழம்புக்கு அந்த மிளகாயின் விதையை வேண்டுமென்றே கருக்குகிறார்கள். நாமானால் கருகிய வாசம் வந்தால் வாணலியோடு கொட்டிவிடுவோம். அவர்கள் கருக்கி, கசப்பு போக ஊற வைத்து, கொக்கோவும் எள்ளும் பாதாமும் சேர்த்து அரைத்து மணிக்கணக்கில் கிளறுகிறார்கள். சாப்பிட்டபோது முதலில் இனிப்பு, பிறகு புகை, கடைசியில்தான் காரம். நம் சமையலில் இப்படி ஒரு வரிசை நான் பார்த்ததில்லை.

அந்த ஊர்ப் பக்கத்துச் செடிதானே மிளகாய்! போர்த்துகீசியர் கொண்டுவருவதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். அதனால்தான் மிளகுக்காய் என்று பொருள்பட மிளகாய் என்றே பெயர் வைத்திருக்கிறோம். பதிலுக்கு மாம்பழம் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. மணிலாவிலிருந்து போன கப்பல்களில் போனதால் அங்கே ஒரு வகைக்கு இன்றும் மணிலா மாங்கோ என்றே பெயர். தெருவில் ஒரு பையன் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தான். மெரினாவில் நீ அடம் பிடித்து வாங்கித் தின்பாயே, அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை ட்லாக்கோலூலா சந்தைக்குப் போனோம். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும், ஷேர் டாக்ஸி கிடைக்கிறது. தேவாலயத்தைச் சுற்றி எத்தனையோ தெருவுக்குத் தார்ப்பாய்க் கூரை. பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிய பெண்கள், சபோதெக் மொழியில் பேச்சு. விற்கிறவர் வாங்குகிறவரை "மர்ச்சாந்தா" என்று கூப்பிடுகிறார், வாங்குகிறவரும் திருப்பி அதையே சொல்கிறார். தக்காளி வாங்கினேன். எடை போட்ட பிறகு அந்தம்மா இன்னும் ஒன்றைத் தூக்கிப் பைக்குள் போட்டு "பிலோன்" என்றார். கொசுறு! அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அது வெளியூராகத் தோன்றவில்லை.

தெஹாத்தே கட்டாயம் குடி. சோளமும் கொக்கோவும் மாமேய் என்கிற பழத்தின் கொட்டையும் ஒரு வாசனைப் பூவும் அரைத்த மாவை, பெரிய மண்தாழியில் முழங்கை வரை கைவிட்டுப் பிசைந்து, தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். வெள்ளையாக நுரை திரண்டு மேலே வரும். சாயம் பூசிய, சுரைக்குடுக்கை போன்ற கிண்ணத்தில் தருவார்கள். வெயிலுக்குக் கூழ் குடித்தது போல வயிறு குளிர்ந்தது.

மத்தியானம் தெயோதித்லான் போனோம், திரும்பும் வழியில்தான். கம்பளி விரிப்பு நெய்கிற ஊர். ஒரு வீட்டில் என் வயதுடைய ஒரு அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். மகன் கொஞ்சம் ஆங்கிலம் பேசினான். அந்தம்மா சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பொடி போல ஒட்டியிருந்த பூச்சியைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். ரத்தச் சிவப்பு. எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சு. பிறகு துளி சோடா உப்பு, ஊதா! ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டுச் சிவக்குமே, அந்த வித்தை. ஸ்பானியர்கள் ஆண்ட காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடி இந்தச் சாயம்தான் கப்பலேறியதாம். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தப் பூச்சியை வளர்க்கத்தான் சென்னையில் கள்ளித்தோட்டமே போட்டிருக்கிறார், நீ ஹாஸ்டலில் இருந்த சைதாப்பேட்டையில். நல்ல ஜாதிப் பூச்சி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஒரு சிறிய விரிப்பு, இரண்டடிக்கு மூன்றடி, எனக்குப் பிடித்துப்போயிற்று. விலை சொன்னார். நான் பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை, விரிப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். முன்பக்கம் போலவே சுத்தமாக இருந்தது. கம்பளியை நூற்று, சாயம் ஏற்றி, நெய்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்று மகன் சொன்னான். அப்போதுதான் அந்தம்மாவின் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். ஓரத்தில் நூல் அறுத்த தடம். தாத்தாவுக்கும் அதே இடத்தில் இருக்கும். அவர் முடித்த சேலையை விளக்கடியில் விரித்து, இல்லாத குற்றம் கண்டுபிடித்துக் கூலியைக் குறைப்பார்கள். ஒன்றும் பேசாமல் மடித்துக் கொடுத்துவிட்டு வருவார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான், நானே போய்ப் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறேன். சொன்ன விலையைக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். நீ எங்கே போனாலும் கைவேலை செய்கிறவரிடம் பேரம் பேசாதே. எப்படிச் செய்தார்கள் என்று கேள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

பிறகு நெடுநேரம் பேசினோம். அங்கே தறியில் நின்றுகொண்டுதான் நெய்கிறார்கள். என் அப்பா குழியில் உட்கார்ந்து நெய்தார், கரையைத் தனி நாடாவில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவேன் என்று சைகையில் காட்டினேன். குழியா, தரைக்குள்ளேயா என்று அந்தம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. மகனை விட்டு மறுபடி மறுபடி கேட்கச் சொன்னார். படம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுதான் உனக்கு வேலை. மூன்று வருடமாக அந்த நாட்டில் இருக்கிறாய், ஆப்பில் வரவழைத்த சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் முன்னால் வைத்துச் சாப்பிடுகிறாய். ஒரு சனிக்கிழமை கிளம்பு. ஞாயிறு காலை பத்து மணிக்குள் சந்தையில் இரு, வெறும் வயிற்றோடு போ. மத்தியானம் அந்த வீட்டுக்குப் போ, இடத்தை அப்பா உன் போனுக்கு அனுப்புவார். விரிப்பு உன் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. பத்திரம் என்று மூடி வைக்காதே, கட்டில் பக்கத்தில் போட்டு மிதி, அது அதற்குத்தான்.

இந்தக் கவரில் தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் படம் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கரை நாடாவோடு தெரிகிற சின்னப்பெண் நான்தான். அதை அந்தம்மா கையில் கொடுத்து, குழி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா