முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மார்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் வாழ்நாள் சான்று முகாம் நடத்தினோம். கைரேகை தேய்ந்துபோன மூத்தவர்களுக்குச் செல்போனில் முகத்தைப் படம் பிடித்தே சான்று அனுப்பிவிட்டோம். யாரும் வங்கி வாசலில் காத்திருக்க வேண்டி வரவில்லை. டிசம்பர் 7 கொடிநாள் வசூல் முழுவதையும் மாவட்ட அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கியாகிவிட்டது. ராணுவ கேன்டீன் வண்டி மாதம் ஒருமுறை நம் ஊருக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர், ஊரே பெரிய வாத்தியார் என்று அழைத்த பெரியவர், நூறு வயது நிறைந்து மறைந்தார். அறிக்கையின் பெரும் பகுதியை அவருக்காக ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன், செயற்குழு ஒப்புக்கொண்டது.

1924-இல் பிறந்தவர். 1942-இல், பதினெட்டு வயதில், பெங்களூரு போய், ரோடும் பாலமும் போடும் ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பட்டாளத்தில் ‘தம்பி’ என்று பெயர் வாங்கிய படை அது. அங்கிருந்து பர்மா போர்முனை. சண்டையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. சேற்றில் மரம் போட்டு ரோடு போட்டதையும், மலேரியாவுக்குக் கொடுத்த மெபக்ரின் மாத்திரையால் உடம்பெல்லாம் மஞ்சளாகிப் போனதையும் சொல்வார். 1944 டிசம்பரில் பர்மாவில் கலேவா என்ற ஊரில் சின்ட்வின் ஆற்றின் மேல், இரும்புச் சட்டங்களை இணைத்துக் கட்டும் பெய்லி பாலம் போட்டார்கள். நீளம் ஆயிரம் அடிக்கு மேல். அதைக் கடந்து போன தம்பிகளில் இவரும் ஒருவர். பெய்லி பாலத்தின் ஒரு சட்டம் பத்தடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ எடை. அதை ஆறு பேர் சேர்ந்து தூக்குவார்கள்.

1946-இல் படையைக் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் படையிலிருந்து விடுவித்ததற்கான டிஸ்சார்ஜ் புத்தகமும், பிறகு வந்து சேர்ந்த 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார் மெடல்களும்தான். பென்ஷன் கிடையாது. அதற்குப் பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும். போருக்காக மட்டும் எடுக்கப்பட்டு, போர் முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்ட பல லட்சம் பேரின் கதை இதுதான்.

ஆசிரியர் பயிற்சி முடித்து ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தார். அந்த போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியம் வந்தது, பள்ளியும் ஒன்றியத்துக்குப் போனது. வாத்தியார் மட்டும் மாறவில்லை. 1953-இல் கிராமப் பள்ளிகளை அரை நாளாகக் குறைத்த திட்டம் வந்தபோது, மீதி நேரத்தில் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள் என்று கவலைப்பட்டவர் அவர். மறு வருடமே அது கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவு வந்த பிறகுதான் காலனிப் பிள்ளைகளும் ஆடு மேய்த்த பிள்ளைகளும் நின்று படித்தார்கள் என்பார். அப்படி நின்று படித்தவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்த காலம். நம் பள்ளிக்குக் கூரை மாற்ற ஊரார் பனைமரம் கொடுத்தார்கள். உத்தரத்தைத் தூக்க ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் எல்லோரையும் நிறுத்தினார். ஒரே உயரமுள்ள ஆறு பேரைப் பொறுக்கி, பக்கத்துக்கு மூன்று பேராக நிற்க வைத்து, “நான் சொல்ற வரைக்கும் யாரும் மூச்சு விடாதே” என்றார். ஒரே சொல்லுக்கு உத்தரம் தோளுக்கு ஏறியது. அந்த ஆறு பேரில் என் அப்பாவும் ஒருவர். சாகும் வரை அதைப் பெருமையாகச் சொல்வார்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன் விடியற்காலையில் மாடு கட்டிக் கவலை ஓட்டி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துப் பாய்ச்சுவார். மோட்டார் வந்த பிறகும் மடை திருப்ப அவரேதான் போவார். ஐ.ஆர்.8 நெல் வந்தபோது நம் ஊரில் முதலில் நட்டவர்களில் ஒருவர். அடுத்து வந்த ஆண்டுகளில் பாலாற்றில் தண்ணீர் குறைந்தது, தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பல கிணறுகள் உப்பாயின. உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீட்டுக்கு வழி செய்தபோது ஊராருக்கு மனு எழுதியது அவர்தான். தன் நிலத்தில் நெல்லை விட்டுவிட்டு மல்லாட்டைக்கும் (வேர்க்கடலை) கேழ்வரகுக்கும் மாறிக்கொண்டார். தொண்ணூறு வயதிலும் மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

1982-இல் ஓய்வு பெற்ற பிறகு நம் சங்கத்துக்கு அவர் செய்தது மனு எழுதிக் கொடுத்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. இதனாலேயே குடும்ப ஓய்வூதியம் நின்றுபோன தாய்மார்கள் எத்தனையோ பேர். 80 வயதானால் 20 சதவீதம், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறானால் இன்னொரு மடங்கு என்று கூடுதல் ஓய்வூதியம் உண்டு. பதிவேட்டில் வயது தவறியதால் அது கிடைக்காதவர்களும் இருந்தார்கள். எல்லோருக்காகவும், படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினார். எழுதி முடித்ததும் கையெழுத்து வாங்க மாட்டார். நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு, “இப்ப நீ சொல்லும்மா, நான் என்ன எழுதியிருக்கேன்?” என்பார். அந்தத் தாய் தன் வாயால் சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுப்பார்.

பென்ஷன் இல்லாத உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் மனைவியருக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவி தருகிறது. தகுதியுள்ள எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தவர், தனக்கு வாத்தியார் பென்ஷன் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டார்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். முதல் உலகப் போருக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல் வைத்த கிராமங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. இரண்டாம் போருக்கு நம் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை. தன்னோடு போனவர்களின் பெயர்களை வாத்தியார் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் மகன் அதைச் சங்கத்திடம் கொடுத்திருக்கிறார். சில பெயர்களுக்கு நேரே தெருவும் வீடும் இருக்கிறது, சிலவற்றுக்குப் பெயர் மட்டும்தான். அவற்றைச் சரிபார்த்து, சங்கக் கட்டடத்தில் கல்வெட்டாகப் பதிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. உறுப்பினர்கள் ஒப்புதல் தர வேண்டும்.

தாத்தா, பெரியப்பா யாராவது அந்தப் போருக்குப் போயிருந்தால் இன்று கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், பழைய கடிதம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். வரவு செலவுக் கணக்கை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்