செல்விக்கு, கூட்டத்துக்கு முன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நைட் டூட்டி என்று தம்பி சொன்னான். வேளைக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நர்ஸுகள் சார்பில் நீதான் பேசுகிறாயாம். அதையும் தம்பிதான் சொன்னான். தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். நிர்வாகத்துக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். உன் கோபம் நியாயம்தான்; ஆனாலும் குரலை உயர்த்தாதே.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை உனக்கு நான்தானே நடத்தினேன். எல்லோரும் கண்ணகியின் கண்ணீரையும் விரித்த கூந்தலையும்தான் சொல்வார்கள். நீ அவள் வாதத்தைப் பார். பசுவின் துயருக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைச் சொல்லித் தொடங்கினாள். எந்த அரசனும் மறுக்க முடியாத அளவுகோல் அது. 'கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது' என்றான் பாண்டியன். அந்த நீதியை அவள் மறுக்கவே இல்லை. கோவலன் கள்வன் என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சான்று அந்தச் சிலம்பு. அதில் மட்டும் கை வைத்தாள். என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்றாள். எங்களுடையது முத்து என்று அவன் வாயாலேயே வந்தது. அதற்குப் பிறகுதான் உடைத்தாள். முதலிலேயே உடைத்திருந்தால் தெறித்த மணி எதையும் நிரூபித்திருக்காது.

நீயும் அப்படிச் செய். நோயாளிக்குக் குறை வரக்கூடாது என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். ஆமாம் என்று சொல். ராத்திரி ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்று அவர்களையே சொல்லவிடு. பிறகு டூட்டி நோட்டைத் திற. பத்துக் குறையை அடுக்காதே, மறுக்க முடியாத ஒன்று போதும். குரலை உயர்த்தாதே.

தை மாதம் அந்த ராத்திரியும் நீ குரலை உயர்த்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன சம்பளமும் அவர்கள் கொடுத்த தாளும் ஒத்துப்போகவில்லை என்று, இரண்டு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பனையே கேள்வி கேக்கிறியா" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பாண்டியன்கூடச் சிலம்பைத் 'தருக' என்று கேட்டு வாங்கி முன்னால் வைத்தான், செல்வி. நான் அந்தத் தாளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 32 வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியவன் நான்.

நேற்று எடுத்துப் பார்த்தேன். அம்மா பத்திரமாக வைத்திருக்கிறாள். ஓரத்தில் ரசம் பட்டு மஞ்சளாகியிருக்கிறது. நீ வட்டம் போட்ட இரண்டு இடமும் சரி. அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

கூட்டம் எத்தனை மணிக்கு என்று தம்பிக்குத் தெரியவில்லை. பேசி முடித்ததும், எவ்வளவு நேரமானாலும் சரி, ஒரு போன் போடு. நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா