காலி மன்றத்தில் பார்த்த வேகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய மன்ற மென்பொருள்களை வேகப்படி வரிசைப்படுத்திய கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றையும் ஒரே சர்வரில், நிறுவியபடியே, கேஷை (தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி கொடுக்கும் வசதியை) அணைத்துவிட்டு ஓட்டினோம், ஆகவே சோதனை நடுநிலையானது என்கிறார் கட்டுரையாளர். எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லோருக்கும் ஒரே அமைப்பு என்பது பார்க்கத்தான் சமம். பயனர் செய்யும் வேலை ஒன்றாக இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்துமுடிப்பது என்பதை அந்தந்த மென்பொருளிடம் விட்டுவிட வேண்டும்.

கேஷையே எடுத்துக்கொள்வோம். லாகின் செய்யாத வாசகருக்கு, ஒருமுறை தயாரித்த பக்கத்தையே சற்று நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதை அணைத்தால், யாரும் நடத்தாத ஒரு தளத்தின் வேகம்தான் கிடைக்கும். அதற்காக, கேஷைப் போட்டுவிட்டு முகப்பை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பதும் சரியல்ல. லாகின் செய்தவருக்கு அவர் படிக்காத பதிவுகள், எந்தப் பிரிவைப் பார்க்கலாம் என்ற அனுமதி, அறிவிப்புகள் எல்லாம் தனித்தனி. அந்தப் பக்கத்தை ஒருவருக்குச் செய்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. மன்றத்தின் உண்மையான சுமை அங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் லாகின் செய்த பயனர் ஒருவர்கூட இல்லை!

அடுத்தது டேட்டாபேஸ். சில இழைகள் (ஒரு தலைப்பில் தொடரும் உரையாடல்கள்) மட்டுமே உள்ள மன்றத்தில் எந்த மென்பொருளும் பறக்கும். பக்க எண் வைத்து நகரும் பழைய முறையில், நீண்ட இழையின் ஐயாயிரமாவது பக்கத்தைக் கேட்டால், டேட்டாபேஸ் முந்தைய வரிசைகளையெல்லாம் கடந்துதான் அங்கே வர முடியும். காலி மன்றத்தில் இது தெரியவே தெரியாது. தேடலும் அப்படித்தான்.

எழுதுவதையும் அளக்க வேண்டும். ஒருவர் பதில் போடும்போது பதிவு மட்டுமா மாறுகிறது? இழையின் கடைசி நேரம், பதிவு எண்ணிக்கை, தேடல் அட்டவணை எல்லாம் மாறும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில், தரவைச் சேமிக்கும் பழைய மைஐசாம் முறையில் எழுதும் நேரத்தில் மொத்த டேபிளும் பூட்டிக்கொள்ளும். 2010இல் 5.5 பதிப்பு வந்த பிறகுதான், மாறும் வரிசையை மட்டும் பூட்டும் இன்னோடிபி முறை இயல்பான தேர்வானது. வாசிப்பை மட்டும் சோதித்தவர்களுக்கு மைஐசாமில் குறையே தெரிந்திருக்காது.

கட்டுரையில் வேகத்தை அளந்த கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாச்சிபெஞ்ச் ஒரு முகவரியைத்தான் கேட்கும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருள் முழுப் பக்கத்தையும் சர்வரிலேயே தயாரித்து அனுப்புகிறது. டிஸ்கோர்ஸ் பெரும்பகுதி வேலையைப் பிரவுசரில் செய்கிறது. இரண்டின் சர்வரையும் மட்டும் ஒப்பிட்டால் படிப்பவர் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. தவிர, அந்தக் கருவியின் ஒவ்வொரு இணைப்பும் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். சர்வர் திணறினால் அதுவும் பொறுமையாக நின்றுவிடும். நிஜத்தில் அடுத்த வாசகர் நிற்க மாட்டாரே! இந்தக் கோளாறை மென்பொருள் பொறியாளர் கில் டெனே விரிவாக விளக்கி, அதற்கு 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயரும் வைத்தார். சராசரி அழகாக இருக்கும். நூற்றில் ஒருவர் பட்ட அவதி அதில் மறைந்துபோகும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சிலர் சொல்லலாம். டேட்டாபேஸ் உலகம் 1988லேயே, வேகச் சோதனைகளுக்கு விதி வகுக்கும் டிபிசி என்ற அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது. அதன் முடிவுகளோடு முழு அமைப்பு விவரமும் விலையும் வெளியாக வேண்டும், தணிக்கையும் உண்டு. மன்ற மென்பொருளுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். ஒரே செலவிலான சர்வர், ஒரே அளவு பழைய பதிவுகள், வாசிப்பவரும் எழுதுபவரும் தேடுபவரும் கலந்த ஒரே கூட்டம், இவ்வளவு போதும். அமைப்பைச் சரிசெய்ய அந்தந்த உருவாக்குநர்களுக்கே ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

அதுவரை, இந்தக் கட்டுரைக்குப் பயன்படுத்திய ஸ்கிரிப்டையும் அமைப்புக் கோப்புகளையுமாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்